தினம் ரெண்டு கரண்டி

"எத்தனை நாளா இதைச் சாப்பிடறீங்கம்மா?"

மேஜை மேல் இருந்த கறுப்பு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி டாக்டரம்மா கேட்டார்.

"ரெண்டு மாசமா. தினம் ரெண்டு கரண்டி, பால்ல கலந்து. கர்ப்பம்னு இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சுது, டாக்டர்."

உடற்பயிற்சிக் கூடத்தில் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பவள் அவள். டப்பாவில் பொடி எழுத்தில் இருந்த 'கர்ப்பிணிகள் தவிர்க்கவும்' என்ற வரியை இன்றுதான் பார்த்தாள். ஊருக்கெல்லாம் உடம்பைப் பற்றிப் பாடம் எடுத்துவிட்டு, ஏங்கி ஏங்கித் தங்கிய பிள்ளைக்குத் தானே உலை வைத்துவிட்டோமோ என்று வழியெல்லாம் அழுதுகொண்டு வந்திருந்தாள்.

பக்கத்து நாற்காலியின் நுனியில் அவள் கணவர். தையல்காரர். இருவரும் சேர்ந்து தெருவில் போனால், "என்னப்பா, பாடிகார்டோட கிளம்பிட்டியா?" என்று கடைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். சிரித்து மழுப்பிவிடுவார். இன்று வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து ஏதோ சொல்ல வாயெடுப்பதும் விழுங்குவதுமாக இருந்தார்.

"இது வெறும் புரோட்டீன் இல்ல," என்றார் டாக்டரம்மா. "சுறுசுறுப்புக்குன்னு காஃபீனை அள்ளிப் போட்டிருக்கான். பேர் தெரியாத மூலிகை வேற. வயித்துல பிள்ளை இருக்கறப்ப இதைத் தொடவே கூடாதும்மா."

"பிள்ளைக்கு ஏதாவது..."

டாக்டரம்மா, ராத்திரியில் தூக்கம் வருகிறதா என்று கேட்டார். படுத்தால் விடிந்துதான் எழுவாளாம். படபடப்பு? இல்லை. கை நடுக்கம்? அதுவும் இல்லை.

"அதெல்லாம் இவருக்குத்தான் டாக்டர். ராத்திரியெல்லாம் கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு இருக்கார். ஊசியில நூல் கோக்கக்கூட கை நடுங்குது. கடையில வேலை ஜாஸ்தி, பாவம். அதோட காலையில எனக்குப் பால் கலந்து குடுக்கறதும் இவர்தான்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை எடுத்துக்கொண்டு, அவளைத் தாண்டிக் கணவரிடம் போனார்.

"சட்டைக் கையைச் சுருட்டுங்க."

சுருட்டினார். முழங்கையைத் தாண்டியதும் சட்டை, புடைத்த புஜத்தில் இறுகி நின்றது.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நாலு பேர் என்னையும் ஆம்பளைன்னு பாக்கட்டும்னு ஆசைப்பட்டுட்டேன்," என்றார் மனைவியிடம். "உன் டம்ளர்ல தினமும் வெறும் சாக்லேட் பவுடரைத்தான் போட்டேன். அந்த ரெண்டு கரண்டியையும் முழுங்கினது நான்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து பொத்துக்கொண்டு வந்தன. அவருடைய திருட்டுக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா சீட்டில் எழுதினார்: அவளுக்கு ஸ்கேன். அவருக்கு ஈசிஜி, உடனே.