பெரிய பட்டன்

"ஆ காட்டுண்ணா" என்றாள் தேவிப்ரியா.

தமிழரசன் வாயைத் திறந்தான். ரசஞ்சோற்றை உருண்டையாக வைத்துவிட்டு, மோவாயில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தாள். அவனுடைய இரண்டு கைகளும் மடிமேல் விறைத்துக் கிடந்தன. துவைத்த சட்டை மாட்டி, பித்தானெல்லாம் போட்டிருந்தான். விடியுமுன் கரும்பு வெட்டக் கிளம்பிய அம்மா போட்டுவிட்டுப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

இட ஒதுக்கீட்டு மறியலுக்கு வடக்கனந்தலிலிருந்து போன டிராக்டரில் அவனும் போயிருந்தான். கூட்டம் சிதறி ஓடியபோது, டிரெய்லரில் ஏறப்போனவனின் கைகள் பின்கதவில் மாட்டி நசுங்கின. கட்டுப் பிரித்து மாதக்கணக்காகியும் விரல்கள் மடங்கவில்லை.

அதற்கு முன்னால் கள்ளக்குறிச்சி கேம் சென்டரில் சண்டை விளையாட்டென்றால் அவனை ஜெயிக்க ஆளில்லை. இப்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அதைச் சகிக்க முடியாமல்தான், பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்த தேவிப்ரியா விரல் மடக்காமலே அவன் விளையாட ஒரு ஸ்டிக் செய்ய இறங்கினாள்.

கையில் பிடித்து விளையாடும் கேம்பேடு, இருப்பதிலேயே மலிவான ஒன்றை வாங்கிப் பிரித்தாள். உள்ளே பச்சை போர்டு. ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் கருப்புப் பூச்சு. அதை பிளேடால் மெல்லச் சுரண்டினால் செம்பு தெரியும். அதில் மெல்லிய ஒயரை ஈயம் வைத்து ஒட்டி, மறுமுனையை வெளியே இருக்கும் பெரிய பட்டனில் சேர்க்க வேண்டும்.

முதல் போர்டில் பூச்சோடு செம்பும் உரிந்து வந்துவிட்டது. அடுத்ததில் ஒயர்களை மாற்றிச் சேர்த்துவிட்டாள். ஒரு பட்டனை அழுத்தினால் எல்லாம் சேர்ந்து அழுந்தின. கடைசியாக வாங்கியதைச் சுரண்டும்போது மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டாள்.

வேலை பாதியில் இருந்தபோது, மறியலை நடத்திய சங்கத்தின் தலைவர் ஆதிமூலம் வந்தார். மேடை போட்ட இடத்திலெல்லாம் தமிழரசனை ஏற்றி, அவன் கையைத் தூக்கிக் காட்டியவர் அவர்தான். போராட்டத்தில் அடிபட்டவனுக்கு முதலில் வேலை என்று மைக்கில் வாக்கும் கொடுத்திருந்தார்.

"இன்னாம்மா இது?"

"கேம் ஸ்டிக்குங்க. வெரல் வேணாம். உள்ளங்கையால தட்டினாலே போதும்."

அவர் முகம் சுருங்கியது. "இந்த நேரத்துல இது தேவையா? பாக்கறவன் கை சரியாப் போச்சின்னு பேசமாட்டானா?"

"சரியாவணும்னுதாங்க செஞ்சிக்கினு இருக்கேன்" என்றாள். அவர் அதற்குமேல் உட்காரவில்லை.

அவளுக்கும் ஒரு வேலை வந்திருந்தது. சென்னைப் பக்கம் ஒரகடத்தில் செல்போன் தயாரிக்கிற கம்பெனி. பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது. கிளம்பும் அன்றைக்கு அம்மா ராணியம்மாள்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீயும் போயிட்டன்னா அவனுக்கு யாருடி சோறு ஊட்டறது? நான் காட்டுக்குப் போவாம வூட்ல குந்திக்கினு இருக்க முடியுமா?"

தேவிப்ரியா கட்டிய பெட்டியைப் பிரித்தாள். கம்பெனியில் கொஞ்சம் அவகாசம் கேட்டிருந்தாள்.

ஸ்டிக் முடிந்தது. பலகைப் பெட்டியின் மேல் தம்ளர் வாய் அகலத்துக்குப் பட்டன்கள். மணிக்கட்டால் தள்ள ஒரு பந்துக் கைப்பிடி. பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப்பில் மாட்டி அண்ணன் மடியில் வைத்தாள். அவன் உள்ளங்கையால் தட்டினான். திரையில் இருந்தவன் எட்டி உதைத்தான். தமிழரசன் சிரித்துவிட்டான். அவள் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஒரு பட்டன் வேலை செய்யவில்லை. உள்ளே ஒயர் விட்டிருக்க வேண்டும்.

"வந்து ஒயரப் பத்த வெக்கறேன்ணா. ஒனக்கு மருந்து வாங்கணும்" என்று கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினாள்.

மருந்துக்கடை வாசலில் நின்றபோது கம்பெனியிலிருந்து போன் வந்தது. அவளுக்காக வைத்திருந்த இடத்தில் வேறொரு பெண்ணைச் சேர்த்துவிட்டார்களாம். அவள் "சரிங்க" என்றாள். மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பினாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம், அண்ணன் சிரித்தானே, அது போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்குள் நுழையப் போனவள் ஜன்னலோரம் நின்றுவிட்டாள்.

தமிழரசன் ஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டுத் திறந்து வைத்திருந்தான். இடது கையின் இரண்டு விரல் நடுவே அந்த மெல்லிய ஒயர். வலது கையில் பேனாவைப் போல வாகாகப் பிடித்த சால்டரிங் ராடு. புகை எழுந்தது. ஒயர் போர்டில் ஒட்டியது. ஈயச் சுருளைச் சுண்டுவிரலால் தள்ளிவிட்டு, அடுத்த ஒயரை நெருடிப் பார்த்தான்.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் ஸ்டிக்தான், அதைத் தட்டித் தட்டித்தான் விரலுக்கு உயிர் வந்திருக்கிறது! சத்தம் போட்டால் அந்த விரல்கள் மறுபடியும் விறைத்துவிடுமோ என்று பயந்தவள்போல, வாயைப் பொத்திக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினாள்.

ராணியம்மாள் அப்போதுதான் கரும்புக் காட்டிலிருந்து வந்து, தொட்டியோரம் கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அண்ணனுக்கு வெரல் மடங்குதும்மா. என் கண்ணால பாத்தேன். அதுவே ஒயரு பத்த வெச்சிக்கினு இருக்குதும்மா."

ராணியம்மாள் நிமிர்ந்தாள். மகளைப் பார்க்கவில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் தெருவில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். பிறகு அவளை அருகில் இழுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"கத்தாதடி. வேல கெடைக்கிற வரைக்கும் அவனுக்கு வெரல் மடங்காது."