காரணம் தெரியாத அரிப்பு

“கொஞ்சம் முதுகைச் சொறிஞ்சு விடறீங்களா?”

பெண் பார்க்க வந்த நந்தகுமாரிடம் பிரவீனா கேட்ட முதல் கேள்வி அது. எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா நல்லம்மாள் வழியெல்லாம் சொல்லித்தான் கூட்டி வந்திருந்தாள்.

ஜேடர்பாளையம் அணைப் பூங்காவில் இருவரையும் ஒரு பெஞ்சில் பேச விட்டுவிட்டு, பெரியவர்கள் எட்ட உட்கார்ந்து, பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இங்கயேவாங்க?”

“மூணு வருசமா அரிக்குதுங்க. தோல்ல ஒரு தடிப்புக் கெடையாது. மனசுதான் காரணம், கட்டிக் குடுத்தாச் சரியாப் போயிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அம்மா உங்களைத் தேடிப் புடிச்சிருக்கு. அப்ப நீங்கதான மருந்து? சொறிங்க.”

போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் நந்தகுமார் சிரிக்கவில்லை. எழுந்து ஓடவும் இல்லை. கையிலிருந்த ஜில் தண்ணீர் பாட்டிலை அவள் முதுகில் வைத்து மெல்ல அழுத்தினான்.

“சொறிஞ்சா இன்னுங் கெளம்புங்க. மனசு கினசெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஒடம்புல காவலுக்கு இருக்கற செல்லுங்க, எதிரியே வராம நரம்புக்குச் சேதி அனுப்பிட்டே இருக்கும். அந்தச் சேதிக்கு இன்டர்லூகின்னு பேரு. தோலுக்கு மேல எதுவுந் தெரியாது.”

பிரவீனாவின் தோள் தளர்ந்தது. வீட்டின் முதல் பட்டதாரி அவள். இதையே படித்துச் சொன்னபோது, படிக்க வைத்ததற்கு வாய்தான் வளர்ந்திருக்கிறது என்றார்கள்.

“இப்பப் பரவால்லீங்களா?”

“ம். இன்னுங் கொஞ்சம் எடது பக்கம்.”

இவனைக் கட்டிக்கொண்டால் என்ன என்று தோன்றிவிட்டது. அப்படித் தோன்றியதே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

“எனக்குச் சம்மதம். உங்களுக்கு?”

“முழுச் சம்மதம்ங்க. இந்த அரிப்பு விசயம் எங்கம்மா காதுக்கு மட்டும் போகாமப் பாத்துக்கலாம். போன தடவை அது தெரிஞ்சுதான் வம்பாப் போச்சு.”

“போன தடவையா?”

“தரகர் சொல்லலீங்களா? மொதச் சம்சாரத்துக்கும் இதேதானுங்க. தீராதுன்னதும் அம்மா அவங்க ஊட்டுக்கே அனுப்பச் சொல்லிருச்சு. நாந்தான் கொண்டுபோயி உட்டேன். தங்கமான புள்ளைங்க, சித்ரா. அந்த இன்டர்லூகின் சமாச்சாரமெல்லாம் அது சொல்லிக் குடுத்ததுதானுங்க.”

“சித்ராவுக்கு எந்த ஊரு?”

“இளம்பிள்ளை.”

பிரவீனா எழுந்து, பெரியவர்களைத் தாண்டி வாசலை நோக்கி நடந்தாள்.

“ஏஞ்சாமி, பேசியாச்சா? எங்க போற?” என்று நல்லம்மாள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

“இளம்பிள்ளைக்கு.”