லயத்துக்கு வெள்ளை

காலை எட்டு மணிக்குக் கட்டடச் சோதனை. மேலாளர் துரை வருமுன், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வெள்ளையடிப்பது மலேசியாவின் லாபு தோட்டத்தில் பழைய பழக்கம். தொழிலாளர்களை மேற்பார்க்கும் மண்டோர் சுகுமாறன் போன வாரமே லயம் முழுக்க முன்சுவரின் விரிசல்களைச் சிமெண்டால் அடைத்து, வெள்ளையும் அடித்துவிட்டார்.

“விரிசலைப் பாத்தா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிருவாங்க. நாமதான் முந்திக்கணும்,” என்றார் மனைவி பஞ்சாலையிடம்.

சோதனைக்கு வந்த அதிகாரி ஜொஹரா சுவரைத் தட்டிப் பார்த்தார். “ஒரு விரிசல்கூட இல்லையே, அங்கிள்!”

“நம்ம பராமரிப்பு அப்படி லா.”

“நல்லது. இங்கேயே இருங்க. விரிசல் விட்ட லயத்துக்காரங்களுக்குத்தான் புது வீடு.”

“ஐயோ புவான், அம்மா, விரிசல் இருந்துச்சு!”

“போன தோட்டத்திலயும் இதையேதான் சொன்னாங்க.” ஜொஹரா சிரித்துக்கொண்டே காரில் ஏறினார்.

பஞ்சாலை கணவரைப் பார்த்தாள். “பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் உங்களைப் பாராட்ட வர்றாங்க. எங்கங்க ஒளியப் போறீங்க?”