ஒயின் கிளாஸ் விட்ட வட்டம்

லான்செஸ்டன் ஊரின் மாலை வெயில் கராஜுக்குள் ஊர்ந்து வந்து இரண்டு பழைய ஸ்பீக்கர் பெட்டிகளின் தேக்குமேல் கிடக்கிறது. டேரல் உப்புத்தாளை வைத்துவிட்டு எண்ணெய்த் துணியை எடுக்கிறான். அவன் மனைவி கிளெனிஸ் பீர் கிளாஸோடு நின்று பார்க்கிறாள். போன மாதம் அவளுடைய பூச்சட்டி ஒரு பெட்டிமேல் விட்ட கறை சுவடே இல்லாமல் போயிருக்கிறது. மற்றதில் அவன் முதல் மனைவி மரீயின் ஒயின் கிளாஸ் விட்ட கறுப்பு வட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. "அதையும் தேய்க்கலாமே." "மேல ஒட்டியிருக்கற தேக்கு காகிதக் கனம்தான், கண்ணு. இன்னும் தேய்ச்சா கிழிஞ்சிடும்." "என் கறையைத் தேய்ச்சப்ப மட்டும் கிழியலையாக்கும்." அவன் கறை போன பெட்டிக்கு எண்ணெய் தடவி முடித்து அடுத்ததற்கு வருகிறான், வட்டத்தின் விளிம்புக்கு வந்ததும் அவன் விரல் மெதுவாகிறது. கிளெனிஸ் வேர்த்து வழியும் கிளாஸை, எண்ணெய் காயாத மற்றப் பெட்டியின் நட்டநடுவில் வைத்து, அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள்.