என்ன குற்றம்?

இந்தக் காலத்து ஆட்கள் அவமானப்படுவதற்குக்கூட வரிசையில் நிற்கிறார்கள். மகன் வேலை பார்க்கிற அமெரிக்காவில், முந்நூறு வருசத்துக்கு முந்தின கிராமம் என்று ஒன்றை வேடிக்கைக்குக் கட்டி, பழைய உடுப்பில் ஆட்களை உலவ விட்டிருக்கிறார்கள். அதன் நடுவில், குற்றவாளியின் கழுத்தையும் கையையும் மாட்டி நிறுத்துகிற மரச்சட்டம். என் மகன் இசக்கிராஜா சிரித்துக்கொண்டே அதில் கழுத்தைக் கொடுத்தான். மேல்பலகை இறங்கும்போது நான் அடியில் கையைக் கொடுத்துத் தாங்கினேன்.

“கையை எடுங்க மாமா, போட்டோல விழுது,” என்றாள் மருமகள். எடுக்கவில்லை.

காவல்காரன் வேடம் போட்ட வெள்ளைக்காரன் எதையோ கத்திக் கேட்டான்.

“என்ன குத்தம் செஞ்சேன்னு கேக்காருப்பா.”

“ஒண்ணும் செய்யலன்னு சொல்லுலே.”

“விளையாட்டுக்குத்தாம்ப்பா!”

“விளையாட்டுக்கும் அதையே சொல்லு. பொழைக்க வந்த ஊருல குத்தத்த ஒத்துக்கிடாத.”

மகன் காவல்காரனிடம் இங்கிலீஷில் என்னமோ சொன்னான். கூட்டம் மொத்தமும் கைதட்டிச் சிரித்தது. பலகையைத் தூக்கி அவனை வெளியே இழுத்தேன்.

“ஒண்ணும் செய்யலன்னுதான சொன்ன?”

“ஆமாப்பா.”

“அதுக்கு எதுக்குலே இப்படிச் சிரிக்காங்க?”

அவன் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான். எதையோ ஒத்துக்கொண்டுவிட்டான் என்று புரிந்தது. நான் வாசலைப் பார்த்து நடந்தேன்.