பின்னந்தலைகள்

சலூன்காரர் தன் கடையின் முன்கண்ணாடியை மறைத்துப் பலகை அடிக்கிறார். மனைவி பலகையைத் தாங்கிப் பிடித்திருக்கிறாள். சாய்ந்த வெயில் கண்ணாடியில் பட்டு இருவர் முகத்திலும் தெறிக்கிறது. உள்ளே ரேடியோவில் இறுதிப் போட்டியின் கடைசி நிமிடங்கள். ஊர் அணி ஒரு கோல் முன்னிலை. இன்னும் மூடாத இடைவெளியில் சுவரிலிருக்கும் பழைய போட்டோ தெரிகிறது. முதல் கோப்பை வென்ற நாள் அது. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வாடிக்கையாளர்கள் தெருவில் ஆடுகிறார்கள். அவர்கள் தோளில், கையில் கத்தரிக்கோலோடு இவர். போன வருடம் ஜெயித்தபோது, கொண்டாட்ட வெறியில் இதே கண்ணாடியில் கல் விழுந்தது. எறிந்துவிட்டு ஓடியவர்களின் பின்னந்தலைகளை இவருக்கு அடையாளம் தெரிந்தது. எல்லாம் இவர் வெட்டிய தலைகள். போலீஸ் கேட்டபோது, முகத்தைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்.

“ஏங்க, தோத்துட்டா இவ்வளவு வேலையும் வீண்தானே?”

“வீணாப் போகட்டும்னுதான் வேண்டிக்கிட்டிருக்கேன்.”

ரேடியோ அலறுகிறது. தெருக்கோடியில் ஏதோ உடைகிற சத்தம் கேட்கிறது.

“ஜெயிச்சுட்டோங்க,” என்கிறாள் மெதுவாக.

சுத்தியல் பிடித்த கை தானாக உயர்ந்து, ஒரு கணம் காற்றில் நிற்கிறது. பிறகு இறங்குகிறது.

“இன்னொரு ஆணி குடு. சீக்கிரம்.”