அளவு

"கையில என்ன சார், கட்டு பெரிசா இருக்கு?" என்று கேட்டபடியே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் கம்ப்யூட்டர் மெக்கானிக்.

"ஃபவுண்டரியில அச்சு சரிஞ்சுடுச்சு. நான் மட்டும் தாங்கிப் பிடிக்கலன்னா ஒருத்தனுக்குக் கால் போயிருக்கும்" என்றான் ஃபோர்மேன். விரல் முட்டிகளைச் சுற்றியிருந்த துணியை இடது கையால் தடவிக்கொண்டான். "தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேண்டாம் சார்."

காம்பவுண்டு வாசல் அறையில்தான் மெக்கானிக்கின் கடை. எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் டீயைக் கேட்டு வாங்கிக் குடிக்கிற ஆள்.

மூலையில் தையல் மிஷின் மூடிக் கிடந்தது. மனைவி அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். சாயங்காலம் வந்துவிடுவாள், அதற்குள் காரியம் முடிய வேண்டும்.

ஃபோர்மேன் திரையைக் காட்டினான். 'அளவு' என்று ஒரு ஃபோல்டர். அதைத் தட்டினால், 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வந்தது.

"என் வீடு, என் கம்ப்யூட்டர், என் பொண்டாட்டி. எனக்கே அனுமதி இல்லையாம். சிரிப்பா இல்ல?"

மெக்கானிக் சிரிக்கவில்லை. "தங்கச்சி தையலுக்கு எடுத்த அளவா இருக்கும் சார்."

"தையல் அளவுக்கு எதுக்குய்யா பூட்டு? உள்ள எவன் அளவு இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

சந்தேகம் ஒரு வாரமாகவே அவனைக் குடைந்துகொண்டிருந்தது. அவன் தலையைக் கண்டால் கேரம் போர்டைச் சுற்றி நிற்பவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். மூன்றாம் வீட்டுக்காரி பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிறாள். மாடி வீட்டுக்காரரோ வணக்கம் வைத்தால் தரையைப் பார்க்கிறார்.

அந்த மாடி வீட்டுக்காரர் போன வாரம்வரை ஒட்டி உறவாடியவர். காம்பவுண்டு முழுக்க ஒரே வைஃபை. ஃபோர்மேன்தான் முன்னின்று போட வைத்தான். அவர் தன் கம்ப்யூட்டரில் சினிமா போட்டு வைத்தால் எல்லா வீட்டிலும் போனிலேயே பார்ப்பார்கள். இப்போது அவரும் முகம் கொடுக்கவில்லை.

ஆள் எவனென்று ஊருக்கே தெரிந்திருக்கிறது, கட்டினவனுக்குத்தான் தெரியவில்லை. அப்படித்தான் முடிவு கட்டியிருந்தான்.

"இந்த ஃபோல்டரை முதல்ல உங்க பேருக்கு மாத்தணும் சார். அப்புறம்தான் யார் யாருக்கு என்ன அனுமதின்னே தெரியும்" என்றார் மெக்கானிக். மௌஸ் இரண்டு மூன்று தடவை சொடுக்கியது. சின்னதாக ஒரு பெட்டி திறந்தது. அதில் இரண்டே வரிகள்.

மெக்கானிக் அந்த வரிகளைப் பார்த்தார். ஃபோர்மேனின் கைக்கட்டைப் பார்த்தார். முதல் வரியில் இருந்த டிக்கை எடுத்துவிட்டார்.

"அவ்வளவுதான். இப்ப தொறங்க."

உள்ளே எல்லாம் படங்கள். ஆண் வாடையே இல்லை. முதல் படத்தில் ஒரு முழங்கை. கன்றிப் போயிருந்த இடத்தின் மேல் இஞ்ச் டேப் நீட்டி வைத்திருந்தது. அடுத்தது தோள்பட்டை. அடுத்தது கழுத்து, நான்கு விரல் பதிந்த தடத்தை டேப் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை அளந்திருந்தது. துணியை அளப்பதுபோலவே, கோணல் இல்லாமல்.

ஃபோர்மேனுக்கு மூச்சு வந்தது. சே, இவ்வளவுதானா!

போன தடவை கையைக் கழுவிக்கொண்டே அவளிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. "போடி, போய் எல்லார்கிட்டயும் சொல்லு. எவன் நம்புறான்னு பார்ப்போம்." அவள் தரையில் கிடந்த டேப்பை எடுத்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"புருஷன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும்" என்றான் மெக்கானிக்கிடம். "நீ எதையும் பார்க்கல. புரியுதா?"

"புரியுது சார்."

"மறுபடியும் பூட்டிடு. இந்தத் தடவை எவன் கண்ணுலயும் படக்கூடாது. அவ வரட்டும், மிச்ச அளவை நான் எடுத்துக்கறேன்."

சொல்லிக்கொண்டே கைக்கட்டைப் பிரிக்க ஆரம்பித்தான். முட்டிகளில் தோல் உரிந்து இன்னும் ஆறாமல் இருந்தது. அச்சு விழுந்த கை மாதிரி இல்லை.

மெக்கானிக் மௌஸைத் தொடவில்லை. அப்போதுதான் ஃபோர்மேனுக்கு வெளியே இருந்த அமைதி உறைத்தது. குழாயடிச் சத்தம் இல்லை. பிள்ளைகள் சத்தமும் இல்லை.

ஜன்னல் திரையை விலக்கினான். அவன் வீட்டு வாசற்படியை ஒட்டிக் காம்பவுண்டே நின்றிருந்தது. மாடி வீட்டுக்காரர், மூன்றாம் வீட்டுக்காரி, கேரம் ஆடுகிறவர்கள். நடுவில் அக்காவின் கையைப் பிடித்தபடி அவன் மனைவி. இந்தத் தடவை யாரும் தரையைப் பார்க்கவில்லை.

"என்னய்யா இது கூட்டம்? நீ முதல்ல அந்தப் பூட்டைப் போடுய்யா!"

மெக்கானிக் எழுந்து போய் வாசல் கதவின் தாழ்ப்பாளை நீக்கினார்.

"பூட்டு உங்களுக்கு மட்டும்தான் சார் இருந்துச்சு; எல்லாருக்கும் தங்கச்சி எப்பவோ தொறந்து விட்டுடுச்சு."